பட்டறை பதில்கள்: தானாகப் பூட்டும் காரும் போன் சாவியும்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பூட்டு, சாவி சமாச்சாரம்தான். மைலேஜ், டயர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோவையில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு இது ஒன்றும் புதிதல்ல. வாரத்தில் ஒருவராவது "அண்ணா, கார் என்னை வெளியே தள்ளிப் பூட்டிருச்சு" என்று போன் செய்யத்தான் செய்கிறார்.

ரிமோட்டை அழுத்திக் காரைத் திறந்துவிட்டு, வீட்டுக்குள் போய்ப் பைகளைத் தூக்கி வருவதற்குள் அது மறுபடி பூட்டிக்கொள்கிறது. இரண்டு கையிலும் பை, சாவியோ பேண்ட் பாக்கெட்டில். சர்வீஸில் கேட்டால் "அது அப்படித்தான் சார்" என்கிறார்கள். இது பழுதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பழுது இல்லை ஐயா. அவர்கள் சொன்னது சரிதான், ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ரிமோட்டில் திறந்த பிறகு சுமார் 30 வினாடிக்குள் எந்தக் கதவையும் யாரும் திறக்காவிட்டால், பட்டன் தெரியாமல் அழுந்திவிட்டது என்று வண்டி முடிவுகட்டிப் பூட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் சாவியோடு ஷூ லேஸ் கட்டக் குனிகிறவர்களும், அழும் பிள்ளைக்குச் சாவிக்கொத்தை விளையாடக் கொடுக்கிறவர்களும் இருக்கும் ஊரில் இது இல்லாவிட்டால் பல கார்கள் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கும்.

முதலில் பைகளை வண்டிப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் பட்டனை அழுத்துங்கள். அவசரம் என்றால் திறந்ததும் ஒரு கதவை ஒரு முறை இழுத்து மூடிவிட்டுப் போகலாம். பெரும்பாலான வண்டிகளில் அதோடு அந்தக் கணக்கு ரத்தாகிவிடும்.

டிக்கியில் மட்டும் கவனமாக இருங்கள். டிக்கிக்கென்று தனிப் பட்டன் உள்ள ரிமோட்டில், அதை அழுத்தினால் டிக்கி மட்டுமே திறக்கும், நாலு கதவும் பூட்டியபடியே இருக்கும் வண்டிகள் உண்டு. சாவியைக் காய்கறிப் பையோடு உள்ளே வைத்து மூடினால் முடிந்தது கதை. பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் சாவி உள்ளே இருப்பதை மோப்பம் பிடித்துக் கத்தும். ஆனால் கல்யாண வீட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே சாவி விழுந்து கிடந்தால் அதுவும் ஏமாறலாம். டிக்கியை மூடும் கையிலேயே சாவி இருக்கட்டும்.

புது கார், போனே சாவி. சில நாள் பக்கத்தில் போனதும் திறக்கிறது. சில நாள் கதவுப் பக்கம் நின்று போனை ஆட்டினாலும் கண்டுகொள்வதில்லை. ஆபீஸ் பார்க்கிங் பேஸ்மென்ட்டில் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரிமோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா, கூடாதா?
– ஐ.டி. ஊழியர், சரவணம்பட்டி

கூடாது தம்பி. காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

"போன் சாவி" என்று ஷோரூமில் ஒரே பெயரில் விற்பது உண்மையில் மூன்று நான்கு தனித்தனி ஏற்பாடுகள். முதலாவது ஆப். நீங்கள் "அன்லாக்" தொட்டால் அந்தக் கட்டளை இன்டர்நெட் வழியாகக் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து காருக்குள் இருக்கும் சிம்முக்கு வர வேண்டும். உங்கள் பேஸ்மென்ட்டில் போனுக்கும் சிக்னல் இல்லை, காருக்கும் இல்லை. சுற்றாமல் என்ன செய்யும்? 2021 நவம்பரில் டெஸ்லாவின் சர்வர் படுத்துவிட்டது. ஆப்பை மட்டும் நம்பி வந்தவர்கள் பல நாடுகளில் சொந்தக் காருக்கு வெளியே நின்றார்கள், எலான் மஸ்க்கே மன்னிப்புக் கேட்டார். பர்ஸில் அந்தக் காரின் கார்டு சாவி இருந்தவர்கள் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

இரண்டாவது புளூடூத். இதற்கு இன்டர்நெட் வேண்டாம். நீங்கள் பக்கத்தில் வந்ததும் போனும் காரும் பேசிக்கொள்ளும். "சில நாள் திறக்கிறது, சில நாள் இல்லை" என்கிறீர்களே, அந்தக் குற்றவாளி பெரும்பாலும் கார் இல்லை, உங்கள் போனின் பேட்டரி சேமிப்புதான். பல ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்களைச் சத்தமில்லாமல் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்தக் கார் ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். லொகேஷன் அனுமதியை "எப்போதும்" என்று வையுங்கள், புளூடூத் அனுமதியையும் கொடுங்கள். என் பட்டறைக்கு "லாக் மாட்யூல் போச்சு" என்று வந்த வண்டிகளில் சிலவற்றை ஸ்பேனரைத் தொடாமலேயே இப்படிச் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். காசு வாங்கக் கூச்சமாக இருக்கும்.

மூன்றாவது என்.எஃப்.சி. கடையில் கார்டு மெஷின் மேல் கார்டைத் தட்டிக் காசு கட்டுகிறோமே, அந்த மாதிரி. சில சென்டிமீட்டர் தூரம்தான். போனைக் கதவுக் கைப்பிடியில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் அல்கசாரில் 2024-இல் வந்தது இந்த வகை: கைப்பிடியில் தொட்டுத் திறந்து, உள்ளே சார்ஜிங் தட்டில் போனை வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பந்தா குறைவு, நம்பகம் அதிகம். என்னைக் கேட்டால் இதுதான் மூன்றிலும் உருப்படியானது. சில ஐபோன்களில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்த பிறகும் 5 மணி நேரம் வரை இப்படித் தொட்டுத் திறக்க முடியும். எல்லாப் போனிலும் அது கிடையாது, உங்கள் போனில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலே அல்ட்ரா வைட்பேண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கீழே மதுரை அம்மாவுக்கான பதிலில் சொல்கிறேன்.

ஆக, ரிமோட்டோ கார்டு சாவியோ ஒன்று உங்களோடு வர வேண்டும். கார்டைப் போன் கவருக்குப் பின்னால் செருகிக்கொள்ளாதீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், போன் தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போகும். பர்ஸில் வையுங்கள். ரிமோட்டைக் காருக்குள்ளேயே போட்டு வைக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். கண்ணாடியை உடைக்கிற திருடனுக்குச் சாவியையும் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அதுவும் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் ராத்திரியானால் கார் சாவியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறார். திருடன் காற்றிலேயே சாவியைத் திருடுவானாம். இது உண்மையா, யூடியூப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாரா?
– இல்லத்தரசி, மதுரை

யூடியூப் பார்த்துத் தெரிந்துகொண்டாலும் விஷயம் உண்மைதான் அம்மா. பையில் இருந்தபடியே திறக்கும் சாவி என்றால், கைப்பிடியைத் தொட்டதும் கார் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய அழைப்பு விடும். அது ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாது. அதைக் கேட்ட சாவி, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். பதில் வந்தால் "ஓனர் பக்கத்தில்தான் இருக்கிறார்" என்று கார் நம்பிக்கொள்கிறது. ஒருத்தன் கார் பக்கமும் இன்னொருத்தன் உங்கள் வாசல் பக்கமும் கருவியோடு நின்றால், தெருமுனையில் கேட்ட கூவலை அடுத்த வீட்டுக்காரர் வாங்கி மறுபடி கூவுகிற மாதிரி, அந்த அழைப்பு உங்கள் ஹாலில் இருக்கும் சாவி வரை வந்துவிடும். சாவியின் ரகசியக் குறியீடு எதையும் உடைக்க வேண்டியதே இல்லை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இலேயே 8 கம்பெனிகளின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

டப்பா வேலை செய்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். சாவியை உள்ளே போட்டு மூடி, டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் போய்க் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் அவர் ஜெயித்தார். திறந்தால் மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், இறுக்கமான டப்பாவாகப் பாருங்கள். இதற்கென்றே விற்கும் பைகளையும் இதே மாதிரி சோதித்துவிட்டு வாங்குங்கள்.

புதிய சாவிகள் சிலவற்றில் அசைவு உணரி உண்டு, கொஞ்ச நேரம் ஆடாமல் கிடந்தால் தூங்கிவிடும். தூங்குகிற சாவி யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. நான் சொன்ன அல்ட்ரா வைட்பேண்ட் இன்னும் கெட்டி. ரேடியோ அலை ஒரு நானோ வினாடியில் போவது 30 சென்டிமீட்டர்தான். அலை போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால் சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நடுவில் ஆள் நின்று கடத்தினால் நேரம் கூடுமே தவிரக் குறையாது. கார், போன் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் கார் கனெக்டிவிட்டி கன்சார்டியம் 2021-இல் இதை டிஜிட்டல் சாவித் தரத்தில் சேர்த்தது. எல்லாக் காரிலும் வரும் வரை டப்பாவுக்கு மரியாதை கொடுங்கள்.

குலதெய்வக் கோயிலுக்குப் போன இடத்தில் ரிமோட் பேட்டரி செத்துவிட்டது. சாவித் துவாரமே இல்லாத கார். இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். இதற்கு என்னதான் வழி?
– வியாபாரி, சேலம்

துவாரம் இருக்கிறது சார், ஒளித்து வைத்திருக்கிறார்கள். ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை நகர்த்தி இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு இரும்புச் சாவி வரும். போன மாதம் ஒருவர் ரிமோட்டில் அதை உருவிக் காட்டினேன். வண்டி வாங்கி ஐந்தாறு வருஷம், சாவியில் ஒரு கீறல்கூட இல்லை. மனுஷன் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். டிரைவர் பக்கக் கைப்பிடியின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதன் அடிப்புறம் ஒரு வெட்டு தெரியும். சாவி முனையை அதில் விட்டு நெம்பினால் மூடி கழன்று துவாரம் தெரியும். சில வண்டிகளில் துவாரம் மூடியில்லாமல் வெளியிலேயே இருக்கும். இப்படித் திறந்தால் அலாரம் கத்தலாம், பயப்படாதீர்கள்.

உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். கார் தன் சாவியை அடையாளம் காண சாவிக்குள் வைத்திருக்கும் இம்மொபிலைசர் சிப்புக்குப் பேட்டரி வேண்டாம், காரே அதற்கு மின்சாரம் ஊட்டிக்கொள்ளும். வண்டி கிளம்பும், அலாரமும் அடங்கும். சில மாடல்களில் ஒட்டிப் பிடிக்கும் இடம் வேறு, கப் ஹோல்டரில்கூட இருக்கும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி, வாட்ச் கடையில் கிடைக்கும். தூரம் குறையத் தொடங்கினாலே மாற்றிவிடுங்கள்.

ரிமோட் நன்றாக இருந்து காரின் 12 வோல்ட் பேட்டரி செத்தாலும் இதே இரும்புச் சாவிதான் கதி. மின்சாரக் கார்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடியில் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும் பூட்டை இயக்குவது அந்தச் சின்ன பேட்டரிதான்.

கைக்குழந்தையைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சாவியை முன் சீட்டில் போட்டுவிட்டு இறங்கினேன். பூட்டிக்கொண்டது. கணவர் ரிமோட்டோடு வர இருபது நிமிடம் ஆனது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுபடி இப்படி நடந்தால்?
– ஒரு தாய், ஈரோடு

மறுபடி நடந்தால் இருபது நிமிடம் காத்திருக்காதீர்கள் அம்மா. வெயிலில் நிற்கும் காருக்குள் முதல் 10 நிமிடத்திலேயே வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். ஈரோட்டு வெயிலுக்கு அது போதும். உடனே 112-ஐ அழையுங்கள். குழந்தை துவண்டாலோ, உதவி வரத் தாமதமானாலோ கண்ணாடியை உடையுங்கள்.

முன் கண்ணாடியில் கை வைக்காதீர்கள். அது நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர விழாது. குழந்தைக்குத் தூரமாக உள்ள பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில், கூரான கனமான எதையாவது கொண்டு ஓங்கி அடியுங்கள். நடுவில் அடித்தால் ஜல்லிக்கல்கூடத் திரும்பி வரும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் பொடிப்பொடியாக உதிரும், அதனால்தான் தூரமான பக்கம் என்றேன். கண்ணாடிச் செலவைப் பற்றி யாராவது பேசினால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

காரை அணைத்ததும் சாவி சீட்டுக்குப் போகக் கூடாது, உடம்புக்குத்தான் போக வேண்டும். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் சென்ட்ரல் லாக்கை உள்ளிருந்து கையால் விடுவிக்கும் வசதி கட்டாயம். அது பெரியவர்களுக்கு உதவும். பெல்ட் போட்ட கைக்குழந்தைக்கு உதவாது.

செகண்ட் ஹேண்டில், ஆப் வசதியுள்ள கார் வாங்குகிறேன். சாவி விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

இரண்டு சாவியும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். "ஒண்ணு ஊர்ல இருக்கு, அனுப்பறேன்" என்பார்கள், வராது. நாளைக்கே வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தான். இரண்டிலும் திறந்து, ஸ்டார்ட் செய்து, இரும்புச் சாவியையும் உருவிப் பாருங்கள். ஏற்கெனவே ஒன்று தொலைந்திருந்தால், சர்வீஸ் சென்டரில் தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிட்டுப் புதிதைப் பதியச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆப். பழைய ஓனர் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால், வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரியும், அங்கிருந்தே கதவையும் திறக்கலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், போனை அவர் பையனிடம் கொடுத்திருப்பார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் போனிலிருந்தே வண்டியை நீக்கச் சொல்லுங்கள், பகிர்ந்த டிஜிட்டல் சாவிகளையும் சேர்த்து. உங்கள் பெயரில் பதிந்து, உங்கள் போனில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு அவரை அனுப்புங்கள். ஆயில் மாற்றுவது, சீட் கவர் போடுவதெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.