டின் மீனை வைத்து அவசரத்துக்கு சத்தான சாப்பாடு செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். வேலை முடிந்து வந்து கால் மணி நேரத்துக்குள் ஆக வேண்டும், வயிறு நிறைந்தால் மட்டும் போதாது, உடம்புக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். டின் மீன் என்றாலே கெடுதல் என்று வீட்டில் சொல்கிறார்கள், சமைத்தால் மறுநாள் காலையிலும் வாடை அடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தனியாகச் சமைக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் அலமாரியில் நாலைந்து டின் எப்போதும் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதையேதான் செய்கிறார்கள். பச்சை மீனைப் போலவே நினைத்துக்கொண்டு, வெங்காயம் தக்காளியோடு டின் மீனைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். நடுவில் நாலு தடவை கிளறியும் விட்டேன். மூடியைத் திறந்தபோது சட்டிக்குள் மீனைத் தேட வேண்டியிருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கூழ்தான் இருந்தது. வாசனை மட்டும் வீடு முழுக்க இரண்டு நாள்.

டின்னுக்குள் இருப்பது ஏற்கெனவே வெந்த மீன். மீனை டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அப்புறம் டின்னோடு சேர்த்து 115 முதல் 121 டிகிரி வரையிலான சூட்டில் அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். நம் பிரஷர் குக்கர் செய்கிற வேலைதான், இன்னும் நீண்ட நேரத்துக்கு. கிருமி செத்துவிடுகிறது, புதிதாக உள்ளே போக வழியில்லை. வருடக்கணக்கில் கெடாமல் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். சாதாரண டின் ஒன்றின் லேபிளைப் படித்துப் பாருங்கள்: மீன், எண்ணெய் அல்லது தண்ணீர் அல்லது தக்காளிச் சாறு, உப்பு. கெமிக்கல் போட்டுத்தான் வைத்திருப்பார்கள் என்கிற பயத்துக்கு அங்கே பெரிதாக இடமில்லை.

எனவே மற்றதையெல்லாம் சமைத்து முடித்துவிட்டு, மீனைக் கடைசியில் சூடாக்கினால் போதும்.

நான் வாரத்தில் ஒரு நாளாவது செய்வது இது. அடுப்பில் சோறு வைத்துவிட்டு, ஒரு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்துகொள்வேன். பூண்டு நாலு பல், பச்சை மிளகாய் ஒன்று, தக்காளி ஒன்று, கூட எந்தக் கீரையோ காயோ கைக்குக் கிடைக்கிறதோ அது ஒரு பெரிய கைப்பிடி. வெங்காயத்தை அவசரப்படாமல் ஓரம் சிவக்கும்வரை வதக்குவதில்தான் ருசி இருக்கிறது. ஐந்து நிமிடம் அதற்கே போகும், போகட்டும். பிறகு பூண்டு, மிளகாய், தக்காளி. தக்காளி குழைந்ததும் காய். காய் முக்கால் பதம் வெந்ததும் தீயைக் குறைத்து, மீன் துண்டுகளைக் கரண்டியால் எடுத்து மேலே வரிசையாக அடுக்குவேன். கொட்டக் கூடாது, கொட்டினால் உடையும். மூடி போட்டு மூன்றே நிமிடம். கிளறவே வேண்டாம், சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஒரு குலுக்கு. இறக்கி வைத்து மிளகைத் தட்டிப் போட்டு, அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் முடிந்தது. சட்டியிலேயே புளிப்பு தூக்கலாக வேண்டும் என்பது என் கட்சி, மீன் வாடை பிடிக்காதவர்களுக்கும் அதுதான் மருந்து. உப்பை மட்டும் ருசி பார்த்த பிறகு போடுங்கள். டின்னில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, பல நாள் நான் தனியாகப் போடுவதே இல்லை.

அடுப்பைப் பற்றவைக்கக்கூட அலுப்பாக இருந்தால், மீனை உதிர்த்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், வெள்ளரிக்காய், எலுமிச்சைச் சாறு, மிளகு சேர்த்துப் பிசைந்து ரொட்டிக்கு நடுவே வைத்துவிடுவேன். வேகவைத்த உருளைக்கிழங்கோ முட்டையோ மிச்சமிருந்தால் அதையும் மசித்துச் சேர்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

எந்த மீன் வாங்குவது? சத்துக்காக என்றால் என் ஓட்டு மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும்தான். எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள், ஒமேகா-3 என்கிற நல்ல கொழுப்பு அதிகம். முள்ளோடு சேர்ந்த மத்தியில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவு புரதமும், 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. அந்தக் கால்சியம் பெரும்பாலும் முள்ளில்தான். அழுத்தத்தில் வெந்ததால் முள் விரலால் நசுக்கினாலே மாவாகிவிடும், தொண்டையில் குத்தாது. முன்பெல்லாம் நான் உட்கார்ந்து பொறுமையாக நடுமுள்ளை உருவி எடுத்துக் குப்பையில் போடுவேன். நல்ல பாகத்தைத்தான் எறிந்துகொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணில் பட்டால் பிடிக்காது என்றால் முள்ளைத் தனியே மசித்து மசாலாவோடு கலந்துவிடுங்கள், சாப்பிடுபவருக்குத் தெரியவே தெரியாது.

சூரை டின்னில் புரதம் நிறைய, ஆனால் முள் இருக்காது, ஒமேகா-3 மத்தி அளவுக்கு இல்லை. இன்னொன்று, பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் பாதரசம் சேர்கிறது. சூரையிலும் ‘அல்பகோர்’ அல்லது ‘வெள்ளைச் சூரை’ என்று போட்டிருந்தால், ‘லைட்’ வகையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பாதரசம் இருக்கும். எப்போதாவது சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் மத்தியே மேல். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் மத்தி, கானாங்கெளுத்தி இரண்டையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும், அவற்றில் உடம்புக்குள் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகம்.

எண்ணெயில் ஊறியதா தண்ணீரில் ஊறியதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எண்ணெயில் ஊறிய மீனின் கொழுப்பில் கொஞ்சம் அந்த எண்ணெயில் இறங்கிவிடும். அதை வடித்துக் கொட்டினால் கூடவே ஒமேகா-3யும் போகும். கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால் தண்ணீர் டின்னில் அந்த நஷ்டம் குறைவு, கலோரியும் குறைவு. எனக்கு எண்ணெய் டின் கிடைத்தால் வெங்காயம் வதக்க வேறு எண்ணெய் எடுக்க மாட்டேன், டின்னில் இருப்பதிலேயே ஒரு கரண்டி. தக்காளிச் சாறு டின் என்றால் அந்தச் சாறே குழம்பாகிவிடும், ஆனால் சிலவற்றில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பு நீரில் ஊறிய மீனைச் சல்லடையில் போட்டு ஒரு தடவை அலசினால் உப்பு கணிசமாகக் குறையும். உலக சுகாதார அமைப்பு சொல்கிற கணக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதில் டின்னில் இருப்பதும் சேர்த்திதான். லேபிளில் நிகர எடை, வடித்த எடை என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவதுதான் உண்மையில் உங்களுக்குக் கிடைக்கிற மீன்.

ஒரு தடவை மீனில் கண்ணாடித் தூள் போல ஏதோ மின்னியது. பதறிப்போய் முழு டின்னையும் கொட்டிவிட்டேன். பிறகு விசாரித்ததில் அது ஸ்ட்ருவைட் என்கிற உப்புப் படிகம், மீனில் இயல்பாக உள்ள மக்னீசியம், பாஸ்பேட் எல்லாம் சேர்ந்து உருவாவது, கெடுதல் இல்லை என்று தெரிந்தது. சந்தேகமாக இருந்தால் அந்தத் துண்டை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். படிகம் என்றால் மெல்லக் கரையும். கண்ணாடி கரையாது.

ஆனால் உப்பியிருக்கிற டின்னுக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலும், ஓரத் தையலில் கசிவோ ஆழமான நசுங்கலோ இருந்தாலும் ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். போட்டுலிசம் என்கிற ஆபத்தான நோயை உண்டாக்கும் நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது.

திறந்த டின்னில் மிச்சம் இருந்தால் அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காமல் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள், இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். மூடியை வளையம் பிடித்து இழுக்கும்போது கடைசி அரை அங்குலத்தில்தான் கை வெட்டும், என் கட்டைவிரலில் அதற்கு அடையாளம் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுங்கள். டின் உணவுக்கு இங்கிலாந்தில் 1810லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அதைத் திறக்கிற கருவி வரப் பல பத்தாண்டுகள் ஆனது, அதுவரை உளியும் சுத்தியலும்தானாம். அதை நினைத்தால் என் விரல் வெட்டு பரவாயில்லை.

காலி டின்னை உடனே வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் குப்பையில் போடுங்கள். நீங்கள் சொன்ன அந்த ‘மறுநாள் காலை வாடை’ பெரும்பாலும் சமையலிலிருந்து வருவதில்லை, குப்பைக் கூடையிலிருந்துதான் வருகிறது.