எடுத்துப் போட்ட முந்திரி

அன்புள்ள ஆச்சி,

நான் காரைக்குடிப் பக்கம் வாக்கப்பட்டவள். மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அவனுக்கு முந்திரி ஆகாது. இரண்டு முறை உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தியெடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். மதுரையில் பரிசோதித்து அலர்ஜிதான் என்று சொல்லிவிட்டார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்வதா வேண்டாமா என்பதுதான் என் குழப்பம். சொன்னால் சீக்காளி என்று பெயராகிவிடும் என்கிறார் மாமியார். 'நம்ம பரம்பரைச் சாப்பாடு நமக்கு ஒத்துக்காமலா போகும், கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தாப் பழகிரும்' என்றும் சொல்கிறார். பெரியவர் மனம் நோகப் பேச எனக்கு வரவில்லை. அலர்ஜி சிரப் எப்போதும் பையில் இருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடுமா? நாட்டு மருந்து ஏதும் உண்டா? மாசமாக இருந்தபோது நான் முந்திரி நிறையத் தின்றதுதான் காரணமோ?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் தூக்கிப் போடுங்கள். நீங்கள் தின்றதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாட்டு மருந்து கிடையாது. வளர்ந்தால் போகுமா என்றால், பால், முட்டை அலர்ஜி பல பிள்ளைகளுக்குப் போய்விடும். முந்திரி மாதிரிக் கொட்டைகள் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குப் போனால் உண்டு. போகாது என்றே வைத்துக்கொண்டு நடங்கள்.

போன வாரம் என் தம்பி வந்திருந்தான். பாயசம் வைத்தேன். அறுபதை நெருங்குகிறான், இன்னமும் குடிப்பதற்கு முன்னால் டம்ளரைச் சாய்த்து அடிவரை பார்க்கிறான். நான் வைத்த பாயசம், என் அடுப்படி, அப்படியும் பார்க்கிறான். அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

சின்ன வயதில் கல்யாண வீட்டுக்குப் போனாலே அவனுக்கு உடம்பு தடிக்கும். காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ கடித்துவிட்டதாம். பாயை உதறுவார்கள், தலையணை உறையைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெற்றிலையில் மிளகை வைத்து மெல்லச் சொல்வார்கள். இரண்டு மணி நேரத்தில் தடிப்பு தானாக அடங்கும், வெற்றிலைக்குப் பெயர் கிடைக்கும். கடித்தது அவன் இலையிலேயே கிடந்தது என்று கண்டுபிடித்தவர் எங்கள் ஆத்தா. யாரும் நம்பவில்லை. 'முந்திரியா கடிக்கும்?' என்று சிரித்தார்கள்.

1975இல் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். தம்பிக்கு ஒன்பது வயது. ஆத்தா முகப்பில் வருகிறவர்களை வாங்க என்று கேட்டுக்கொண்டிருக்க, அப்பத்தா பேரனைப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பாயசம் வந்தது. பிள்ளை ஏக்கமாகப் பார்த்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. மிதந்த முந்திரியை ஒன்று விடாமல் பொறுக்கித் தன் இலையில் போட்டுக்கொண்டு, டம்ளரை அவன் வாயில் வைத்தாள். கால் டம்ளர்கூடக் குடித்திருக்க மாட்டான்.

பந்தி எழுவதற்குள் குரல் கம்மிவிட்டது. 'தொண்டையில முள்ளு குத்துது' என்றான். சைவப் பந்தியில் முள் ஏது? வாழைப்பழத்தை விழுங்கச் சொன்னார்கள். அப்புறம் இருமல், இழுப்பு, கண் சொருகிவிட்டது. நல்லவேளை, இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டர் இருந்தார். தொடையில் ஓர் ஊசி போட்டார். அது அட்ரினலின் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். சில நிமிஷத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து 'ஆத்தா' என்றான். வாசலில் மேளம் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்பத்தா சாகிற வரைக்கும் சொன்னாள்: 'எல்லா முந்திரியவும் எடுத்துட்டனே!' அவள் பொய் சொல்லவில்லை. எடுத்துத்தான் இருந்தாள்.

ச., உங்கள் வீட்டிலும் எடுத்துப் போடத்தான் போகிறார்கள், பாருங்கள். பொங்கலிலிருந்து எடுப்பார்கள், கேசரியிலிருந்து எடுப்பார்கள். முந்திரியைப் பொரித்த நெய்யை யார் எடுப்பது? அந்த நெய்யைத்தானே முழுக்கப் பாயசத்தில் ஊற்றுகிறோம்? வெள்ளைக் குருமாவில் அரைத்துவிட்ட முந்திரியை எந்த விரல் பொறுக்கும்? அதைக் கிண்டிய கரண்டியைத் துடைத்துவிட்டு இட்லிச் சாம்பாரில் போடுவார்கள். அலர்ஜி பருப்பின் உருவத்தில் இல்லை. அதிலுள்ள புரதத்தில் இருக்கிறது. நெய்யில் இறங்கும், கரண்டியில் ஒட்டும், மிக்சி மூடியின் ரப்பரில் தங்கும். சூட்டில் செத்துப்போகவும் செய்யாது. எடுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், அது கொடுக்கக் கூடாத உணவு என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பிஸ்தாவையும் சேர்த்து எழுதுங்கள், அது முந்திரிக்குப் பங்காளி.

அடுத்து உங்கள் மாமியார். 'பரம்பரைச் சாப்பாடாம்!' முந்திரி பிரேசில் மரம். போர்த்துகீசியர்கள் கப்பலில் கொண்டு வந்தது, 16ஆம் நூற்றாண்டில். இன்றைக்கு ஆதனக்கோட்டையில் ரோட்டோரம் வறுத்து விற்கிறார்கள் என்பதற்காக அது நம் முப்பாட்டன் சொத்தாகிவிடாது. பழக்கிவிடலாம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ரிஷே, போர்ட்டியே என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கடல் சாமந்தி என்ற உயிரியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மறுபடி கொடுத்தபோது நிமிஷக் கணக்கில் செத்தது. காப்பதற்கு நேர்மாறு என்ற பொருளில் 1902இல் அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசும் கிடைத்தது. நிபுணர்கள் மேற்பார்வையில் சொட்டுக் கணக்கில் கொடுக்கிற சிகிச்சை இன்று இருக்கிறது. அது ஆஸ்பத்திரி வேலை, அடுப்படி வேலை இல்லை.

பெரியவர் மனம் நோகும் என்கிறீர்கள். நோகட்டும். எங்கள் அப்பத்தாவின் மனம் ஒரு நாள் நொந்திருந்தால், மிச்சம் இருபது வருஷம் அந்த வாக்கியத்தைச் சொல்லியே தீர்ந்திருக்க மாட்டாள். உங்கள் மாமியார் கெட்டவர் என்றா நான் சொன்னேன்? பிரியம் உள்ளவர்களிடம்தான் பயப்பட வேண்டும். அந்நியர் யாரும் உங்கள் பிள்ளை வாயில் டம்ளரை வைக்கப் போவதில்லை.

பள்ளிக்கூடம். ஆமாம், கேட்டதே அதுதான். சொல்லுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், போட்டோவோடு. வகுப்பு டீச்சருக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. பிறந்தநாள் மிட்டாயும் சரஸ்வதி பூஜைப் பொட்டலமும் வீட்டுக்கு வரட்டும், நீங்கள் பார்த்துக் கொடுங்கள். உங்கள் சிரப் அரிப்புக்கு ஆகும். மூச்சு அடைத்தால் ஆகாது. அதற்கு அட்ரினலின்தான், தொடையின் வெளிப்பக்கத்தில். பேனா மாதிரி வரும் ஊசி நம்மூர் மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே டாக்டரிடம் பையனின் எடைக்கு எவ்வளவு மருந்து, யார் போடுவது, பள்ளிக்கு மிக அருகில் எங்கே போவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குரல் மாறினாலோ, இழுப்பு வந்தாலோ, துவண்டு விழுந்தாலோ உடனே ஊசியும் 108உம். பிள்ளையை நடக்க வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம். தெளிந்துவிட்டான் என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவது உண்டு.

தனியாக உட்கார வைப்பார்கள், தனிப் பாத்திரம் என்றால் கேவலம் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் ஒளிந்திருக்கிறது. இந்த ஊரில் வாக்கப்பட்டுக்கொண்டு இப்படிப் பயப்படலாமா? கல்யாணம் ஆன மகனை அதே வீட்டுக்குள் வேறு வைத்தவர்கள் நாம். ஒரே வளவு, ஒரே சாமி, ஆனால் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஜோடிக்கு, ஓர் அடுப்பு, புள்ளிக்கு ஒரு கணக்கு. யாருடைய சட்டி யாருடையது என்று சண்டை வராமலிருக்கப் பாத்திரத்துக்குப் பாத்திரம் விலாசம், அதாவது பெயரெழுத்து, வெட்டி வைத்தோம். யாரும் அதைத் தீண்டாமை என்று சொல்லவில்லை.

பையனுக்கென்று ஒரு சின்ன வாணலி, கரண்டி, டம்ளர், டிபன் டப்பா வாங்குங்கள். எல்லாவற்றிலும் அவன் பெயரை வெட்டச் சொல்லுங்கள், கரண்டியை மறந்துவிடாமல். கடைக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேச அவர்தான் லாயக்கு.