சீனத் துணியைக் கரூரில் தைத்தால் 'மேட் இன் இந்தியா' ஆகிவிடுமா?

கேள்வி: கரூரில் பெட்ஷீட் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம். வரிச் சண்டையில் சீனச் சரக்குக்கு அங்கே வரி அதிகம் என்பதால், சீனக் காட்டன் துணியை இறக்கி இங்கே வெட்டித் தைத்து, 'மேட் இன் இந்தியா' லேபிளோடு அனுப்பச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். டி-ஷர்ட்டுக்குச் சரிவரும் கணக்கை ஏஜென்ட் பெட்ஷீட்டுக்குச் சொல்கிறார். அமெரிக்கச் சுங்க விதிப்படி, வெட்டித் தைக்கும் ஆடை முழுவதும் எங்கே தைக்கப்பட்டதோ அந்த நாட்டுச் சரக்கு. பெட்ஷீட், தலையணை உறை, மேசை விரிப்பு அப்படியல்ல. நூல் எந்த நாட்டில் துணியானதோ, அந்த நாட்டுச் சரக்கு. தறி சீனாவில் ஓடியிருந்தால், நீங்கள் வெட்டி ஓரம் தைத்தது எதுவும் கணக்கில் வராது. லேபிளும் சீனா, வரியும் சீன வரி.

"இங்கேயே சாயம் போட்டு பிரிண்ட் அடித்தால் போதும்" என்று அடுத்துச் சொல்வார். அது பாதி உண்மை. சாயம், பிரிண்ட் இரண்டும் இங்கே நடக்க வேண்டும். கூடவே பிளீச்சிங், துணியை முன்கூட்டியே சுருங்க வைத்தல், நிரந்தர எம்பாசிங் (புடைப்பு வடிவம் பதித்தல்) போன்றவற்றில் குறைந்தது இரண்டும் வேண்டும். அப்போதும் காட்டனுக்கு இந்தச் சலுகை கிடையாது. கலப்புத் துணியில் காட்டன் எடையில் 16 சதவீதத்தைத் தொட்டாலே போச்சு. 65/35 பாலி-காட்டன் (65 பாலியெஸ்டர், 35 காட்டன்) தேறாது, 80/20 கூடத் தேறாது. 85/15 என்று மில் எழுதிக்கொடுத்தாலும், லேப் சோதனையில் ஒரு சதவீதம் கூடினால் மொத்த லாட்டும் சீனச் சரக்குதான். இந்த வழி பாலியெஸ்டருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரிஜின் சர்டிபிகேட் (எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்று) நான் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் கவனமாக இருங்கள். அந்தத் தாள் அமெரிக்கச் சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் நூல் பில், தறிப் பதிவேடு, துணி இறக்குமதி ஆவணம் எல்லாம் கேட்பார்கள். சீனக் காட்டன் என்றால் இன்னொரு கண்டமும் உண்டு. சீனாவின் ஷின்ஜியாங் பகுதிச் சரக்கை, பருத்தி உட்பட, கட்டாய உழைப்பில் வந்ததாகக் கருதித் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது. சந்தேகப்பட்டுச் சரக்கை நிறுத்தினால், பருத்தி அங்கே விளைந்ததல்ல என்று இறக்குமதியாளர் தரப்புதான் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, "வரி கட்டி வீட்டு வாசலில் தருகிறோம்" என்ற டி.டி.பி. ஒப்பந்தம். அதில் அமெரிக்க இறக்குமதியாளராக உங்கள் கம்பெனி பெயரே பதிவானால், பொய் ஒரிஜினுக்கான அபராதமும் உங்கள் தலையில்தான். மோசடி என்று முடிவானால் அது சரக்கின் முழு அமெரிக்க மதிப்பு வரை போகும். ஏஜென்ட் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

வரி இடைவெளியை நம்பியும் துணி வாங்காதீர்கள். 2025 ஏப்ரலில் ஒன்றின் சரக்கு மீது மற்றொன்றாக, அமெரிக்கா 145 சதவீதம், சீனா 125 சதவீதம் வரை வரியை ஏற்றின. மே மாதம் ஜெனீவாவில் பேசி 30, 10 என்று 90 நாளுக்கு இறக்கின. அந்த உச்ச விகிதங்கள் பேரம் பேசுவதற்கான பிடி. 2018-ல் விசாரணை நடத்திச் சீனச் சரக்குக்குப் போட்ட, அமெரிக்க வர்த்தகச் சட்டத்தின் 301-ஆம் பிரிவு வரிதான் ஆட்சி மாறியும் நிலைத்தது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்கே கூடுதல் வரி 50 சதவீதமானது. சரக்கு கடலில் மிதக்கும்போதே விகிதத்தை மாற்றுவது சிறு ஏற்றுமதியாளருக்குச் செய்யும் அநியாயம்.

பாலியெஸ்டரில் செய்வதென்றால், அமெரிக்கச் சுங்கத்தின் நியூயார்க் பிரிவிடம் முன்கூட்டியே ஒரிஜின் தீர்ப்பு கேளுங்கள். கட்டணம் இல்லை. பெரும்பாலும் 30 நாளில் பதில் வரும். நூல் கலவை, எந்த வேலை எந்த நாட்டில் என்ற விவரம், மாதிரித் துணி ஆகியவற்றை இணையுங்கள். கப்பலேற்றுவதற்கு முன்பே கேளுங்கள். இனி அனுப்பப்போகும் சரக்குக்குத்தான் தீர்ப்பு தருவார்கள்.