கணினி வகுப்பில் வெண்பா

ஐயா, வணக்கம். கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். இந்தப் பருவம் பி.ஏ. தமிழ் முதலாண்டின் கணினி அறிமுக வகுப்பும் என் தலையில் விழுந்துவிட்டது. கணினியின் பாகங்கள், வேர்டு, எக்செல் என்று பாடம் போகிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள். கணக்குக்குப் பயந்து தமிழுக்கு வந்தவர்கள். பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள பேராசிரியருக்கு,

தூங்கியதில் தப்பே இல்லை. எங்கள் பள்ளியிலும் சிபியு படம் வரைந்து பாகம் குறித்ததுதான் கணினிப் பாடம்.

பைத்தான் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே குறளை அலகிட்டு (சீர்களாகவும், சீரை அசைகளாகவும் பிரித்து) மதிப்பெண் வாங்கியவர்கள். அங்கிருந்து தொடங்குங்கள். நேர் (தனிக் குறில் அல்லது நெடில்), நிரை (இரு குறில் அல்லது குறில் நெடில்) என அசை இரண்டு; பின்னால் ஒற்று வந்தாலும் அதேதான். ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. ஏன் இரட்டித்துக்கொண்டே போகிறது என்று கேளுங்கள். எட்டசைச் சீர் என்று ஒன்று இருந்தால்? (கிடையாது, சும்மா ஒரு கற்பனைக்கு.) 256 வரும். நேருக்கு 0, நிரைக்கு 1 என்று போட்டால் எட்டு 0, 1 சேர்ந்த ஒரு பைட்டின் கணக்கும் அதேதான்.

அப்புறம் வெண்டளை, அதாவது வெண்பாவில் (குறளும் வெண்பாதான்) ஒரு சீருக்கு அடுத்த சீர் எந்த அசையில் தொடங்க வேண்டும் என்ற விதி. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். ‘அகர முதல’ குறளுக்குச் சீருக்கு ஒருவராக ஏழு பேரை நிறுத்தி, எட்டாவது ஆளைச் சோதிக்கச் சொல்லுங்கள். குறள் முழுவதும் அவருக்கு நினைவில் இருக்க வேண்டியதில்லை. கடந்த சீர் மாவா, விளமா, காயா என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த சீரின் முதல் அசையைப் பார்த்தால் போதும். ‘எழுத்தெல்லாம்’ காய், ‘ஆதி’ நேரில் தொடங்குகிறது, சரி, போகலாம். ஃபைனைட் ஸ்டேட் மெஷின் என்று கணினிக்காரர்கள் சொல்வது இந்த எட்டாவது ஆளைத்தான்.

ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டுமே, அந்த விதியை மட்டும் அவரிடம் சொல்லாமல் விடுங்கள். ஈறு கெட்ட குறளையும் தேற்றிவிடுவார். தப்பு அவருடையதா, விதி சொன்னவருடையதா என்று வகுப்பில் சண்டை வரும். வரட்டும், அன்றைய பாடமே அதுதான்.

பைத்தானை இரண்டாம் மாதம் எடுங்கள். அசை பிரிக்கும் நிரலை அவர்களே எழுதப் பார்ப்பார்கள். ‘கா’ எத்தனை எழுத்து என்று கேட்டால் பைத்தான் 2 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் ககரம் ஒரு குறி, கால் (ா) இன்னொரு குறி. தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்குக் கோபம் வரும். அதற்கென்று ஒரு வகுப்பை ஒதுக்கி வையுங்கள்.