தோரணம் எதைத் தாங்குகிறது?

கேள்வி: ஐயா, 1960 புயல்களுக்குப் பிறகு மாமனார் கட்டிய காங்க்ரீட் வீட்டில் இருக்கிறோம். தட்டைக் கூரை, நாலு சுவர், அவ்வளவுதான். பழைய கிரியோல் வீடுகளில் கூரை ஓரம் தொங்குமே, அந்தத் தகர லாம்ப்ரெகேன், அதை முகப்பில் வைக்க ஆசை. கட்டடக்கலை படிக்கும் மகன் "போஸ்ட்மாடர்ன் வேஷம்" என்கிறான். வேஷமா?
- வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: வேஷம் இல்லை, அம்மா. போன நூற்றாண்டின் நவீனக் கட்டடக்கலைஞர்கள் அலங்காரத்தை ஒதுக்கினார்கள். அதை மறுத்து, அலங்காரத்தைத் திரும்பக் கொண்டுவந்த போக்குதான் உங்கள் மகன் சொல்லும் போஸ்ட்மாடர்ன். "குறைவே நிறைவு" என்பது அந்த நவீனர்களில் ஒருவரான மீஸ் வான் டெர் ரோவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாக்கு. "குறைவு சலிப்பு" என்று 1966-ல் பதில் எழுதினார் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ராபர்ட் வென்டூரி. ஃபிலடெல்ஃபியாவில் தன் அம்மாவுக்கு அவர் கட்டிய வீட்டில், வாசலுக்கு மேலே மெல்லிய வளைவு ஒன்று ஒட்டியிருக்கும். அது எந்தப் பாரத்தையும் தாங்காது, 'இதுதான் வாசல்' என்று சொல்வதே அதன் வேலை. நம் நிலைப்படி மாவிலைத் தோரணம் மட்டும் எதைத் தாங்குகிறது?

ஆனால் உங்கள் வீடு பெட்டியாக இருப்பதற்கு மீஸ் காரணமில்லை. 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயல், பிப்ரவரியில் கரோல் புயல். எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் தகரக் கூரை பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் கிடந்தது. பிறகு காங்க்ரீட் கூரைக்கு அடியில் படுத்த முதல் மழை இரவில், அப்பா எழுந்து எழுந்து மேலே பார்க்காமல் தூங்கினார். அந்தப் பெட்டியை அசிங்கம் என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

சரி, லாம்ப்ரெகேனுக்கு வருவோம். வென்டூரியின் வளைவைப் போல அல்ல இது, இதற்கு வேலை உண்டு. கூரைத் தண்ணீரை முனை முனையாகச் சொட்டவிட்டு, சுவரில் வழியாமல் காக்கும். வெறும் சுவரில் ஆணியடித்தால் துருக்கறைதான் இறங்கும். அங்கே உங்கள் மகன் சொல்வது சரி. அதனால் முதலில் வீட்டு முகப்பில் ஒரு லவராங், அதாவது கூரை போட்ட திறந்த தாழ்வாரம், கட்டுங்கள், ஆறடி அகலம் போதும். அதன் கூரையை வீட்டோடு கம்பி போட்டுக் கெட்டியாகப் பிணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதன் ஓரத்தில் தகரத்தைத் துருப்பிடிக்காத திருகாணியால் நெருக்கமாக முடுக்குங்கள். ஒவ்வொரு வருடமும் புயல் காலம் தொடங்கும் நவம்பருக்கு முன்னால் ஒருமுறை திருகிப் பாருங்கள்.

தகரத்தில் வெட்டும் சித்திரத்தை மகனையே வரையச் சொல்லுங்கள். உங்கள் கோலத்திலிருந்து எடுத்தாலும் அழகாக வரும். சின்னச் சின்னத் துளை மட்டும் வேண்டாம். பெயின்ட் சரியாகப் போகாமல் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.