மூச்சு வாங்குது என்று எழுதியவர்களுக்கு

கிளினிக்கில் கொடுத்த, வாயில் வைத்து இழுக்கும் பம்பையும் குளிசையையும் யாரும் விடவேண்டாம். கீழே சொல்வதெல்லாம் அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

அப்பாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் படியில் பாதியிலேயே நின்றுவிடுகிறார். இனி எங்கேயும் போகவேண்டாம் என்று வீட்டிலேயே வைத்திருக்கிறோம், சரிதானே? (மஸ்கெலியா)

சரியில்லை மகள். பாசத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் உட்கார்ந்தே இருந்தால் கால் தசை வற்றிப்போகும், வற்றிய தசை சின்ன வேலைக்கும் கூடுதல் காற்றுக் கேட்கும், அதனால் இன்னும் இளைக்கும், இளைப்புக்குப் பயந்து இன்னும் உட்காருவார். தினமும் நடக்கட்டும், கொஞ்சம் மூச்சு வாங்குவதால் நுரையீரல் கெட்டுப்போகாது.

படியில் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். நின்றபடி மூக்கால் மூச்சை இழுக்கவேண்டும். அப்புறம், சுடுதேத்தண்ணியை ஆற ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிக்கொண்டே ரெண்டு படி ஏறவேண்டும். நின்று, மறுபடி இழுக்கவேண்டும். இழுத்ததைப்போல ரெண்டு மடங்கு நேரம் ஊதுவது முக்கியம், ஏனென்றால் இந்த நோயில் உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் தேங்கி நிற்கிறது. உதட்டைக் குவித்து ஊதினால் சின்னக் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் அது வெளியேறும். களைத்தால் முன்பக்கம் குனிந்து, கையைச் சுவரிலோ முழங்காலிலோ ஊன்றி நிற்கட்டும். பிசியோதெரபிஸ்ட் பார்வையில் 6 முதல் 8 வாரம் உடற்பயிற்சி கிடைக்குமா என்று கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள், மருந்தில்லாத வழிகளில் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

முகத்துக்கு ஃபேன் பிடித்தால் நல்லது என்கிறார்கள். இந்தக் குளிரிலா? (நுவரெலியா)

ஆமாம், இந்தக் குளிரிலும்தான். உடம்பைக் கம்பளியால் போர்த்திக்கொள்ளுங்கள், முகம் மட்டும் வெளியே இருக்கட்டும். கையில் பிடிக்கும் சின்ன பேட்டரி ஃபேனை 15 சென்டிமீட்டர் தள்ளிவைத்து மூக்கு, மேலுதடு, கன்னம் மூன்றிலும் காற்றுப் படவிடுங்கள். அந்தத் தோலில் குளிர்ச்சி பட்டதும் அங்குள்ள நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும், மூச்சுத் திணறும் உணர்வு தணியும். கொழுந்து எடுத்து ஓய்ந்த ஓர் அம்மாவுக்கு ஃபேன் இல்லாமல் காலண்டர் அட்டையால் விசிறினோம், தூக்கிப் பிடித்திருந்த தோள் ரெண்டும் மெல்ல இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கடன் வாங்கியாவது ஆக்சிஜன் மெஷின் எடுக்கவா? (ஹட்டன்)

டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தவர்களுக்குத்தான் அது. அளவு போதுமாக இருக்கிறவருக்கு மூச்சிளைப்பை அது குறைக்காது, சிலருக்கு அதிகமாகக் கொடுப்பதே ஆபத்து. விறகு அடுப்பு எரிகிற காம்பராவில் தீப்பிடிக்கிற பயமும் இருக்கிறது. அந்தக் காசில் புகைபோக்கி வைத்து அடுப்பைச் சரிசெய்யுங்கள், ஈர விறகை எரிக்காதீர்கள், சமைக்கிற நேரம் நோயாளி இஸ்தோப்பில் இருக்கட்டும்.

ராத்திரி திடீரென்று மூச்சு முட்டி, செத்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. (பண்டாரவளை)

அந்தப் பயமே மூச்சை இன்னும் வேகமாக்கும். எழுந்து உட்கார்ந்து, மேசையில் தலையணை வைத்து அதன்மேல் சாய்ந்துகொண்டு, மேலே சொன்ன மாதிரி உதட்டைக் குவித்து ஊதுங்கள். பக்கத்தில் இருப்பவர் கத்தாமல் கூடவே ஊதட்டும். ஆனால் ஒரு வசனத்தை முழுசாகப் பேச ஏலாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு வலித்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை.