பார்க்காத பைக்கின் பழுதுக்குப் பதில் சொல்லும்போது என்ன நாகரிகம் கடைப்பிடிக்க வேண்டும்?

“ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடுகிறது, என்ன காரணம்?” என்று ஒருவர் ஒற்றை வரியில் கேட்கிறார். மளமளவென்று பதில்கள் குவிகின்றன. பிளக்கை மாற்றுங்கள், கார்புரேட்டரைக் கழுவுங்கள், காயில் போய்விட்டது, வயரிங்கைப் பாருங்கள். இவற்றில் எதையும் தவறு என்று சொல்லிவிட முடியாது, சிக்கலே அதுதான். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்த்தால் மனிதர் பாதி வண்டியைப் புதிதாக வாங்கியிருப்பார்.

அதனால் பதிலுக்கு முன் நான் கேள்விதான் கேட்பேன். எந்த மாடல், எந்த ஆண்டு, கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா, குளிர்ந்திருக்கும்போது நிற்கிறதா, சூடேறிய பிறகா? இவற்றோடு, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்பதையும் தவறாமல் கேட்பேன். நன்றாக ஓடிய வண்டி சர்வீஸ் முடிந்த கையோடு தகராறு செய்தால், கைபட்ட இடத்திலிருந்துதான் தேட வேண்டும். சரியாகச் சொருகாத கனெக்டர், மடங்கிப்போன பெட்ரோல் குழாய், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் மறந்துவிட்ட துணி என்று ஏதாவது அகப்படும்.

விவரம் வந்த பிறகும் தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடியதும் எஞ்சின் திணறி நிற்கிறது, சற்று விட்டுப் பிடித்தால் மறுபடி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடேறியதும், பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் இக்னிஷன் காயில் செயலிழக்கிறது என்பார் ஒருவர். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடுகிறது என்பார் இன்னொருவர். டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும் கார்புரேட்டர் வண்டியில் இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு. இருவரும் நாள்கணக்கில் வாதாடலாம். அதற்குப் பதில், வண்டி நின்றதும் அருகில் நெருப்பு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டி கிளம்பினால் குற்றவாளி மூடிதான். மூடியைத் திறந்தும் அசையாமல், எஞ்சின் ஆறிய பிறகே கிளம்பினால் தீப்பொறிப் பக்கம் போகலாம். காசு செலவில்லாமல் இரண்டில் ஒன்று கழிந்துவிடும். நல்ல பதிலுக்கு என் கணக்கில் இதுதான் இலக்கணம்.

தீப்பொறி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். “பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா பாருங்கள்” என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும்; பக்கத்திலேயே தீப்பொறி பறந்தால் என்ன ஆகும்? எனவே பழைய பிளக் துளையிலேயே இருக்கட்டும், வேறொரு பிளக்கை வயர் முனையில் உள்ள பிளக் கேப்பில் மாட்டுங்கள், அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொட்டபடி இருக்கட்டும், வெறுங்கையால் பிடிக்காதீர்கள் என்று அந்த இடத்திலேயே எழுத வேண்டும். கடைசிப் பத்தியில் ‘எச்சரிக்கை’ என்று தனியாகப் போடுவதில் பயனில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவர் அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் வேலையை முடித்திருப்பார்.

ஒரு பதில் தவறு என்றால் ஆளை விட்டுவிட்டு, ஏன் தவறு என்பதை மட்டும் சொன்னால் போதும். ஆனால் ஆபத்தான யோசனைக்கு இந்தப் பெருந்தன்மை செல்லாது. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். துணி பல்சக்கரத்துக்குள் இழுபட்டால் விரலும் கூடவே போகும். இதை ‘மாற்றுக் கருத்து’ என்று விட்டுவைக்க முடியாது. கூடாது என்று உடனே, பளிச்சென்று சொல்லிவிட வேண்டும்.

பிரேக் விஷயத்தில் ஊகத்துக்கே இடமில்லை. பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளால் ஆன வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன். மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்த ரகம் என்று நினைத்து அதைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. பிரேக் ஆயில் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியிலேயே எந்த வகை என்று பெரும்பாலும் பொறித்திருக்கும், அதைப் படிக்கச் சொன்னால் போதும். பைக்கில் கார் எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொல்வதும் இப்படித்தான். “நான் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை” என்பது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை. எஞ்சின் ஆயிலிலேயே கிளட்ச் நனைந்திருக்கும் பைக்கில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த ஆயில் கிளட்சை வழுக்கவிடலாம். டப்பாவில், இத்தகைய கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட், டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா போன்ற எளிய கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும். கேட்கும் தொனியில் கிண்டல் தெரிந்தால் அவர் அடுத்த கேள்வியை யாரிடமும் கேட்க மாட்டார். அதேபோல, “மெக்கானிக்கிடம் போங்கள்” என்று மட்டும் எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். ஏன் போக வேண்டும், போனால் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று சேர்த்தால் அதுவும் நல்ல பதிலே.

“சரியாகிவிட்டது, நன்றி” என்று முடித்துக்கொள்பவரிடம், எதைச் செய்ததும் சரியானது என்று நான் விடாமல் கேட்டுவிடுவேன். மூன்று பாகங்களை ஒரேயடியாக மாற்றியவருக்கு அது தெரிந்திருக்காது. அதனால்தான், ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள் என்று முதல் பதிலிலேயே எழுதிவிடுகிறேன்.